சுவருக்குள் ஒழுகும் ஷவர் குழாய்: உடைக்கும் முன் அறிந்துகொள்ள வேண்டியவை

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளி, மூதூர், சம்பூர்ப் பக்கங்களிலும் குழாய் வேலை செய்து வருகின்றேன். என்னை அழைப்பவர்களிற் பலர் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: குளியலறைச் சுவர் ஊறுகிறது, எங்கிருந்தென்று தெரியவில்லை. எனக்கு முதல் வந்து பார்த்த யாரோ ஒருவர், “டைல்ஸ் எல்லாத்தையும் கழட்டத்தான் வேணும்” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். வீட்டுக்காரர் அந்தச் செலவுக்குப் பயந்து மாதக்கணக்கில் ஷவரைப் பூட்டி வைத்திருப்பார். உண்மையில் முழுச் சுவரையும் உடைக்க வேண்டிய வீடுகள் மிகக் குறைவு. சரியான இடத்தில் ஓரடிச் சதுரம் திறந்தாற் போதும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. அதை வீட்டுக்காரரே, ஆயுதம் எதுவுமின்றி, இரண்டு மூன்று நாளில் செய்துவிடலாம்.

குழாய் எதால் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

மற்ற ஊர்களில் இப்படியொரு பிரச்சினை வந்தால் வீட்டைக் கட்டிய மேசனிடமோ குழாய் பொருத்தியவரிடமோ கேட்பார்கள். எங்கள் மாவட்டத்தில் அந்த வழி பல வீடுகளுக்கு இல்லை. வீட்டைக் கட்டுவித்த குடும்பத் தலைவர் இல்லை. மேசன் இடம்பெயர்ந்து போனார். குழாய் வைத்த பையன் இப்போது வெளிநாட்டில். “தம்பி, பைப் எதால போகுதெண்டு அவருக்குத்தான் தெரியும்” என்று சொல்லும் அம்மாமாரை நான் எத்தனையோ வீடுகளிற் கண்டிருக்கிறேன். அந்த ‘அவர்’ எங்கே என்று நான் கேட்பதில்லை.

வீடுகள் எழுந்த விதமும் ஒரு காரணம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் அவசரமாக வீடுகள் கட்டப்பட்டன. 2006இல் சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். சம்பூர் மக்கள் 2015ஆம் ஆண்டிலிருந்துதான் கட்டங்கட்டமாகத் தங்கள் காணிகளுக்குத் திரும்ப முடிந்தது. வடக்கு கிழக்கில் நடந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்தது 5,50,000 ரூபா. அதுவும் வேலை முன்னேற முன்னேறத் தவணையாக. அத்திவாரம், சுவர், கூரை என்று கணக்குக் காட்டினால்தான் அடுத்த தவணை. அப்படிப்பட்ட நிலையில் சுவருக்குள் போகும் அரை அங்குலக் குழாயின் தரத்தை யார் பார்ப்பார்கள்? சில குடும்பங்கள் பிற்பாடு வெளிநாட்டுக் காசில் டைல்ஸ் பதித்தபோது, பழைய குழாயை மாற்றாமல் அதன் மேலேயே பதித்துவிட்டார்கள்.

தண்ணீரைப் பற்றித் தெரிந்த மனிதர்களையும் இந்த மண் இழந்திருக்கிறது. 2006 ஆகஸ்டில் மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளர்கள், பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு நிறுவனமொன்றில் குடிநீர், சுகாதார வேலைகள் செய்தவர்கள். அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரத் தெரிந்தவர்கள் ஒரே நாளில் இல்லாமற் போனால், அந்த அறிவும் அவர்களோடு போகிறது.

ஆகவே எங்கள் வீடுகளில் சுவரைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் மின்சாரம்

ஊறிய சுவரில் சுவிட்ச், பிளக், ஷவர் ஹீற்றர் ஏதாவது இருந்தால், எதையும் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். சுவரையோ குழாயையோ தொடும்போது கை சிலிர்த்தால் அது குழாய் வேலையல்ல. மின்சார வேலை தெரிந்தவர் பார்க்கும்வரை அந்த அறைக்குள் யாரும் குளிக்கக்கூடாது. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

குளியலறைச் சுவர் ஊறுவதற்கு ஐந்து காரணங்கள் இருக்கலாம்: எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் குழாய்; ஷவர் திறந்தால் மட்டும் நீர் ஏறும் குழாய்; கழிவுநீர்க் குழாய்; டைல்ஸ் இடைவெளி; கடைசியாக, குழாயோடு சம்பந்தமே இல்லாத உப்பும் மழையும். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள்.

*இரவுச் சோதனை.* நகரில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் இணைப்பு உள்ளவர்கள் படுக்கப் போகும்போது எல்லாக் குழாய்களையும் பூட்டி, நீர்மானியின் இலக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுங்கள். காலையில் தண்ணீர் எடுக்கும் முன் மறுபடியும் எடுங்கள். இலக்கம் மாறியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. நீர்மானியிலிருந்து மேல்தாங்கிக்குத் தண்ணீர் ஏறும் வீடுகளில், தாங்கிக்குப் போகும் வழியை நிரம்பியபின் பூட்டிவிட்டு, தாங்கிக்குள் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறியிடுங்கள். கிணறும் மோட்டரும் உள்ளவர்களுக்கும் இதே முறைதான்.

இந்தச் சோதனையைக் கெடுப்பது மலசலகூடத் தொட்டி. அதன் மிதவை வால்வோ அடி றப்பரோ பழுதாகியிருந்தால் இரவு முழுதும் சத்தமில்லாமல் ஒழுகும். தொட்டிக்குள் உடுப்புக்குப் போடும் நீலம் கொஞ்சம் விட்டு அரை மணித்தியாலம் பொறுங்கள். கோப்பைக்குள் நீலம் வந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

நீர்மட்டம் இறங்கியிருந்தால், அடுத்த இரவு குளியலறைக்குப் போகும் கேற் வால்வைப் பூட்டிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். இம்முறை மட்டம் அசையாவிட்டால் ஒழுக்கு குளியலறைக்குள்தான்.

*ஷவர் சோதனை.* ஷவர் வால்வுக்கும் மேலேயுள்ள ஷவர் தலைக்கும் இடையில் இருக்கும் குழாயில், ஷவர் திறந்திருக்கும் போதுதான் தண்ணீர் இருக்கும். ஆகவே இரவுச் சோதனையில் அது அகப்படாது. ஷவர் தலையைக் கழற்றி, அந்தக் கைக்குழாயின் நுனியில் மூடி ஒன்றை இறுக்கி, வால்வைத் திறந்து விடுங்கள். அந்தக் குழாய் முழுவதும் இப்போது அழுத்தத்தில் இருக்கிறது. நிலத்திலோ டைல்ஸிலோ ஒரு துளியும் விழவில்லை. ஒரு மணித்தியாலத்தில் சுவர் புதிதாக நனைந்தால் உடைவு அந்தத் துண்டில்தான். நான் கண்டவற்றில் அதிகமானவை இந்தத் துண்டில்தான்.

*வாளிச் சோதனை.* சுவரில் படாமல், வாளித் தண்ணீரை நேரே கழிவுநீர்த் துவாரத்துக்குள் ஊற்றுங்கள். அப்போது ஊறினால் பழுது கழிவுநீர்க் குழாயில். பிறகு துவாரத்தைத் துணியால் அடைத்து, நிலத்தில் ஓரங்குல அளவுக்குத் தண்ணீர் கட்டி ஒரு மணித்தியாலம் விடுங்கள். மட்டம் இறங்கினால் நிலமோ நிலமும் சுவரும் சேரும் மூலையோ விடுகிறது. கடைசியாகச் சுவர் டைல்ஸ் மீது மட்டும் தண்ணீர் அடித்துப் பாருங்கள். அப்போது மட்டும் ஊறினால் குழாயைத் தேட வேண்டாம். டைல்ஸ் இடைவெளிகளைச் சுரண்டி மறுபடி நிரப்பினாற் போதும்.

*பொலித்தீன் சோதனை.* எங்கள் கரையோரத்தில் கழுவாத கடல்மணலில் பூசிய சுவர்கள் உண்டு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், வெள்ளையாகப் பூக்கும், நிறப்பூச்சு உரியும். இது ஒழுக்குப் போலவே தோன்றும். ஆனால் நிலத்து ஈரமும் உப்பும் சுவரின் அடிப்பக்கம் நீளத்துக்கும் ஒரே சீராகத் தெரியும். குழாய் ஒழுக்கு ஓரிடத்தில் திட்டாகத் தெரியும். பூச்சுச் சுவரில் ஓரடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் துளிகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் இருந்தால் காற்றிலிருந்து.

இந்தச் சோதனைகளை ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் செய்தால், வெளிச்சுவரில் அடிக்கும் மழையும் கணக்கில் சேர்ந்துவிடும். மழை இல்லாத மூன்று நாட்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு தண்ணீர் போகிறது?

“சின்ன ஒழுக்குத்தானே” என்று விடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு நிமிடத்துக்கு ஒரு தம்ளர், அதாவது 200 மில்லிலீற்றர் ஒழுகினால், ஒரு நாளைக்கு 288 லீற்றர். 1,000 லீற்றர் தாங்கி மூன்றரை நாளில் காலி. நகருக்குக் குழாய் நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. நீர்மானியைத் தாண்டியபின் ஒழுகுவது உங்கள் கணக்கில்தான் ஏறும். பாவனை கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும். நீர்மானிக்கு முன்னால், வீதிப் பக்கம் ஒழுகினால் அது சபையின் வேலை; 1939 இலக்கத்துக்கு அறிவிக்கலாம். கிணற்று வீடுகளில் பட்டியல் வராது. ஆனால் கரையோர மணலில் நன்னீர் உப்புநீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மோட்டர் கூடுதலாக இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே வரும். சுனாமிக்குப் பிறகு உவர்த்துப்போன கிணறுகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எது உடைகிறது?

நம் ஊரில் எல்லோரும் எஸ்லோன் பைப் என்று சொல்லும் பீ.வீ.சீ. குழாயின் நடுப்பகுதி தானாக உடைவது அரிது. உடைவது பொருத்துக்கள்.

முதலாவது, ஷவரின் கைக்குழாய் சுவருக்குள் திருகும் எல்போ. பித்தளைப் புரியைப் பிளாஸ்ரிக் புரிக்குள் அளவுக்கு மீறி ரேப் சுற்றி இறுக்கினால், பிளாஸ்ரிக் பிளக்கும். அன்றைக்கே ஒழுகாது, பல மாதம் கழித்து மயிரிழை வெடிப்பு விரியும். இரண்டாவது, துடைக்காமல் கம் பூசிய பொருத்து. ஈரமோ மண்ணோ இருந்தால் கம் பிடிக்காது. மூன்றாவது, பழைய வீடுகளின் இரும்புக் குழாய். உப்புக் காற்றிலும் உப்பு மணலிலும் துருப்பிடித்து உள்ளிருந்தே அரிந்துவிடும். நான்காவது, சவர்க்காரத் தட்டு, துவாய்க் கம்பி பூட்டும்போது இறங்கிய ஆணி. ஐந்தாவது, ஷெல் அதிர்விலோ அத்திவார இறக்கத்திலோ சுவர் வெடித்து, அந்த வெடிப்பைப் பூசி மறைத்த இடம். சுவர் வெடித்த கோட்டைக் குழாய் கடந்தால் அங்கே குழாயும் இழுபட்டிருக்கும்.

வெந்நீர் விடும் வீடுகளில் இன்னொன்று: சாதாரண பீ.வீ.சீ. குழாய் குளிர்ந்த நீருக்கானது. சூட்டில் இளகி, பொருத்துக்கள் விட்டுவிடும். ஹீற்றர் வைத்திருந்தால் வெந்நீருக்கென்றே விற்கும் குழாய் வேண்டும். மற்றவர்களுக்குக் கன்னியா இருக்கிறது.

எந்தப் பக்கத்தால் திறப்பது?

இடம் தெரிந்துவிட்டது என்று டைல்ஸில் உளி வைக்காதீர்கள். சுவரின் மறுபக்கத்தைப் போய்ப் பாருங்கள். அது பெரும்பாலும் வெளிச்சுவர் அல்லது அறைச் சுவர், வெறும் பூச்சு. அந்தப் பக்கத்தால் திறந்தால் டைல்ஸ் ஒன்றுகூட உடையாது. மூடுவதற்குக் கொஞ்சம் சீமெந்தும் மணலும் போதும். கதவு நிலையிலிருந்தோ ஜன்னல் மூலையிலிருந்தோ ஷவர் வால்வுக்கு எவ்வளவு தூரம், நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, மறுபக்கத்தில் அதே அளவைக் குறியுங்கள்.

தண்ணீர் கீழே இறங்கும். ஆகவே ஈரத் திட்டின் நடுவை அல்ல, அதன் உச்சியைப் பாருங்கள். சுவரைக் காயவிட்டு, மறுபடி தண்ணீரைத் திறந்து, முதலில் எங்கே நிறம் மாறுகிறதென்று பென்சிலால் கோடு போட்டு நேரத்தையும் எழுதுங்கள். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலேதான் உடைவு இருக்கும்.

டைல்ஸ் பக்கத்தால்தான் திறக்க முடியுமென்றால், இடைவெளிக் கோடு வழியாகக் கிரைண்டரால் வெட்டி, முழு டைலாக எடுக்கப் பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, வாய்க்கு மறைப்பு அவசியம். நாலங்குலச் சீமெந்துக் கல் சுவரில் ஆழமாக, அதுவும் கிடையாக, வெட்டக்கூடாது. பிரித்தானியக் கட்டட விதியில் நிலைக்குத்தான காடி சுவர்த் தடிப்பின் மூன்றிலொன்றையும், கிடையான காடி ஆறிலொன்றையும் தாண்டக்கூடாது என்றிருக்கிறது. எங்கள் மெல்லிய சுவர்களுக்கு அது நல்ல அளவுகோல்.

திருத்தும் முறை

தாங்கி வால்வைப் பூட்டி, கீழ்க் குழாயைத் திறந்து, தண்ணீரை முற்றாக வடியவிடுங்கள். பழுதான பொருத்தை மட்டும் நோண்டி ஒட்டுவதில் பயனில்லை. வெளியிலிருந்து பூசும் எந்தப் பசையும் அழுத்தத்தில் நெடுநாள் நிற்காது. நல்ல குழாய் தெரியும்வரை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, புதுத் துண்டு வையுங்கள். நுனியைச் சதுரமாக வெட்டி, பிசிறைத் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, குழாயிலும் சொக்கட்டிலும் மெல்லியதாகக் கம் பூசி, ஒரு காற்பங்கு திருப்பலோடு உள்ளே தள்ளி அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள்.

ஷவர் திருகும் இடத்துக்குப் பித்தளைப் புரி பதித்த எல்போவைக் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட. ஆனால் அடுத்த தடவை சுவரை உடைக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. றப்பர் வளையம் வைத்துப் பூட்டும் யூனியன் போன்றவற்றைச் சுவருக்குள் புதைக்காதீர்கள்.

ஒட்டியபின் ஒரு நாள் பொறுங்கள். பிறகு ஷவர் நுனியை மூடி, தண்ணீரைத் திறந்து, சுவரை மூடாமல் ஓரிரவு முழுதும் விடுங்கள். பொருத்தின் கீழ் காய்ந்த கடதாசித் துண்டொன்றை வையுங்கள். காலையில் கடதாசி காய்ந்திருந்தால் மட்டும் மேசனைக் கூப்பிடுங்கள். மூடும்போது குழாயைப் பொலித்தீனால் சுற்றினால், சீமெந்து இறுகும்போது குழாயைப் பிடித்து இழுக்காது. நிறம் பூசுவதற்குச் சுவர் காய வேண்டும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரம், மாரியில் அதற்கும் மேல்.

குழாயைக் கைவிடுவதும் ஒரு திருத்தந்தான்

பல வீடுகளில் நான் சொல்லும் ஆலோசனை இதுதான்: சுவருக்குள் இருக்கும் குழாயை இரண்டு முனையிலும் மூடிவிட்டு, புதுக் குழாயைச் சுவரின் மேலாகக் கொண்டுபோங்கள். சுவர் உடைவதில்லை, ஒருநாள் வேலை. பார்வைக்கு அழகில்லை என்பார்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பலின் இயந்திர அறையைக் கண்டவர்களைக் கேளுங்கள்: அங்கே குழாய்கள் கண்ணுக்குத் தெரியும்படிதான் ஓடுகின்றன; எதில் என்ன ஓடுகிறதென்று நிறமும் பூசியிருக்கும். நடுக்கடலில் ஒழுகினால் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. தனியாக வாழும் வயதானவர்களின் வீட்டுக்கும் அதே நியாயம் பொருந்தும். வெயில் படும் இடத்தில் பீ.வீ.சீ. குழாய்க்கு நிறப்பூச்சு அடியுங்கள். இல்லாவிட்டால் வெளிறி நொறுங்கும்.

வளவுக்குள் நிலத்தைத் தோண்டிக் குழாய் தாழ்க்க வேண்டியிருந்தால், மீளக்குடியேறிய காணிகளில் மெதுவாகத் தோண்டுங்கள். சந்தேகமான இரும்புப் பொருள் கண்டால் தொடாமல், தட்டாமல், அந்த இடத்தை விட்டு விலகி 119க்கு அறிவியுங்கள்.

வேலை கொடுக்கும்போது

கணவர் இல்லாத, பிள்ளைகள் தூர இருக்கும் பெண்களுக்கு, தெரியாத ஆட்களைக் குளியலறைக்குள் விடுவதே ஒரு கவலை. மேலே சொன்ன சோதனைகளைச் செய்து, “ஒழுக்கு வால்வுக்கும் ஷவருக்கும் இடையில, வெளிப்பக்கத்தால ஓரடி திறவுங்கோ” என்று நீங்கள் சொன்னால், வருபவர் உங்களை ஏமாற்றுவது கடினம். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ளவரா என்று கேட்பதில் தவறில்லை. எவ்வளவு திறப்பது, பொருள் யார் வாங்குவது, கூலி எவ்வளவு, ஓரிரவுச் சோதனை முடிந்த பிறகே மிச்சக் காசு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபிக்கமாட்டார். காசு அனுப்பும் பிள்ளையைக் காணொளி அழைப்பில் எடுத்து, சுவர் திறந்திருக்கும்போதே காட்டுங்கள்.

மூடுவதற்கு முன் எழுதி வையுங்கள்

சுவர் திறந்திருக்கும் அந்த ஒரு நாள்தான் உள்ளே இருப்பதைப் பார்க்கக் கிடைக்கும் நாள். அளவு நாடாவைக் குழாயோடு பிடித்து நான்கு படம் எடுங்கள். நிலத்திலிருந்து எத்தனை அங்குலம், கதவு நிலையிலிருந்து எத்தனை அங்குலம், குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தத் திகதியில் யார் திருத்தினார் என்று கொப்பியில் வரையுங்கள். தொலைபேசி பழுதாகலாம், ஆகவே தாளிலும் இருக்கட்டும். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைக்கும் பையில் அதையும் வையுங்கள். குளியலறைக்கென்று தனி கேற் வால்வு இல்லாவிட்டால் இப்போதே ஒன்று பூட்டுங்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும், சிறுவர் உட்பட, அது எங்கே என்று காட்டுங்கள். முடிந்தால் திறந்த இடத்தைச் சீமெந்தால் மூடாமல், திருகாணியில் கழற்றக்கூடிய மூடி ஒன்றைப் போடுங்கள். மிச்ச டைல்ஸில் நான்கைந்தை எறியாமல் வையுங்கள். அதே நிறம் பிறகு கடையில் கிடைக்காது.

அந்தக் கொப்பித் தாள் இருந்தால், அடுத்த முறை குழாய் எதால் போகிறதென்று கேட்கும்போது, வீட்டில் யார் இருந்தாலும் பதில் சொல்லலாம்.